போர்க்காலத்தில் விமானம் விழுந்து இறந்த ஒரு வீரரின் கதையைத் தேடி எடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிற பலரும் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே போனால் ஒட்ட வெட்டிய புல்லும், வரிசை பிடித்த ஒரே அளவுக் கற்களும், நல்ல அமைதியும் இருக்கும். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் அங்கங்கே சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஓரிடத்தில் வைத்துப் பராமரிப்பதற்காக 1952-இல் இதை அமைத்தார்கள். 850-க்கும் மேற்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் விமானப்படைக்காரர்களும் உண்டு. அவர்கள் கல்லில் சிறகு விரித்த பறவைச் சின்னம் இருக்கும். கீழே பெயர், பதவி, தேதி, வயது. வயதைப் படித்தால் மனசு கனத்துப்போகும். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு.

இந்தப் பையன் எப்படி இறந்தான், அந்த விமானத்தில் வேறு யார் இருந்தார்கள், வீட்டுக்கு யார் சொன்னார்கள் என்பதெல்லாம் கல்லில் இருக்காது. ஆனால் எங்கேயோ ஒரு காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதத்தை எப்படித் தேடிப் பிடிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் தாத்தாவின் தம்பியாக இருக்கலாம், ஊர் நினைவுத்தூணில் இருக்கிற ஒரு பெயராக இருக்கலாம், கல்லறையில் தற்செயலாகக் கண்ணில் பட்ட யாரோ ஒருவராகவும் இருக்கலாம். தேடுகிற வழி ஒன்றுதான்.

வெறும் வழிமுறையாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரு உண்மைச் சம்பவத்தைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் ராக்ஸ்ஹோம் என்ற சிற்றூருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று ஸ்பிட்ஃபயர் போர் விமானம். அதை ஓட்டியவர் ஜான் கில்லெஸ்பி மகீ, கனடா விமானப்படையின் பைலட் ஆபிசர், வயது 19. மற்றது ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இரட்டை எஞ்சின் பயிற்சி விமானம். அதை ஓட்டியவர் எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபின். இருவருமே இறந்துபோனார்கள். மகீயை உலகம் அறியும், அவர் எழுதிய ஒரு பதினான்கு வரிக் கவிதையால். கிரிஃபினை அநேகமாக யாருக்கும் தெரியாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கல்லில் தொடங்குங்கள்

முதலில் போக வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். 1917-இல் வேறு பெயரில் தொடங்கிய அமைப்பு இது, 1960-இல்தான் இந்தப் பெயர் வந்தது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் படையினர் சுமார் 17 லட்சம் பேரின் விவரம் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியர்களும் அதில் அடக்கம். பெயரை ஆங்கிலத்தில் தட்டி, படைப்பிரிவில் விமானப்படை என்று தேர்ந்தெடுத்து, தெரிந்தால் இறந்த ஆண்டையும் கொடுங்கள்.

கிடைக்கிற பக்கத்தில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முழுப் பெயர், படை எண், பதவி, ஸ்குவாட்ரன் (அவர் பறந்த விமானப்படைப் பிரிவு), கல்லறையின் இடம். இவற்றில் படை எண்தான் தங்கம். ஒரே பெயரில் பத்து ஸ்மித்கள் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான். சில பக்கங்களில் "இன்னாரின் மகன், இன்ன ஊர்" என்று கூடுதலாக ஒரு வரி இருக்கும். போர் முடிந்த பிறகு குடும்பத்துக்கு ஆணையம் ஒரு படிவம் அனுப்பியது. அதை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்களுக்கு அந்த வரி இருக்கும், மற்றவர்களுக்கு இருக்காது. அந்த இடம் வெறுமையாக இருந்தால் வீட்டில் யாருமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆணையம் எப்படி இறந்தார் என்று சொல்லாது. எதிரி சுட்டதா, விபத்தா, காய்ச்சலா என்பது அங்கே இருக்காது. அப்புறம், இரண்டாம் உலகப் போருக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. அதனால் சண்டை ஓய்ந்த பிறகு 1946-இல் விபத்தில் இறந்தவரும் அதே பட்டியலில் வருவார்.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தனிக் கல் கிடையாது, நினைவுச் சின்னங்களில் பெயர் மட்டும் இருக்கும். பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து தொலைந்தவர்கள் என்றால் லண்டனுக்கு அருகே ரன்னிமீடில் இருக்கும் நினைவிடம். 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே. நம் பக்கம், வங்காள விரிகுடாவிலோ பர்மா காட்டிலோ காணாமல் போனவர்கள் என்றால் சிங்கப்பூரில் கிராஞ்சியில் இருக்கும் நினைவுச் சின்னத்தில் தேடுங்கள். போர்க்காலத்தில் நம் செங்குன்றம் ஏரியே ஒரு விமானத் தளம். 240-ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினா பறக்கும் படகுகள் அந்தத் தண்ணீரிலிருந்துதான் கடலுக்கு மேலே ரோந்து போயின. அப்படிப்பட்ட விமானம் ஒன்று திரும்பாவிட்டால் எட்டு ஒன்பது பேர் ஒரே நேரத்தில் போய்விடுவார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கே நேரில் போகிறீர்களா? அப்படியானால் ஒரு கல்லோடு நிற்காதீர்கள். இடமும் வலமும் பாருங்கள். அடுத்தடுத்த கற்களில் ஒரே தேதி இருந்தால் அவர்கள் ஒரே விமானத்தில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாக் கற்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள்

சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் பாதிப் பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். மகீ இறந்த நாளை 11/12/41 என்று எழுதினால், பிரிட்டிஷ் வழக்கத்தில் டிசம்பர் 11. அதையே அமெரிக்க வழக்கத்தில் படித்தால் நவம்பர் 12. மகீயின் அப்பா அமெரிக்கர், அம்மா ஆங்கிலேயர், அவர் சேர்ந்ததோ கனடா படை. மூன்று நாட்டுக் காகிதங்களிலும் அவர் இருக்கிறார் என்றால் குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! எந்தத் தேதியைக் குறித்தாலும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மோதல் நடந்தது காலை 11:30 மணி அளவில். ஆனால் போர்க்கால பிரிட்டனில் குளிர்காலத்திலும் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால்தான் வைத்திருந்தார்கள், கோடையில் இரண்டு மணி நேரம் முன்னால். ஒரு ஆவணம் உள்ளூர் நேரத்தையும் இன்னொன்று கிரீன்விச் நேரத்தையும் தந்தால், ஒரே சம்பவம் இரண்டு சம்பவமாகத் தெரியும். முரண்பாடு சரியாக ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ என்றால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள்.

தேதியை உறுதி செய்த பிறகு அந்த நாள் உலகில் என்ன நடந்தது என்றும் பார்த்துவிடுங்கள். 1941 டிசம்பர் 11 என்பது ஜெர்மனியும் அமெரிக்காவும் ஒன்றின்மேல் ஒன்று போர் அறிவித்த நாள். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு நான்கே நாள். தன் தந்தையின் நாடு ஐரோப்பியப் போருக்குள் வந்த அதே தேதியில் இந்தப் பையன் போய்விட்டான்.

படி 3: ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பைப் படியுங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் நாள்தோறும் ஒரு செயல்பாட்டுப் பதிவேடு எழுதியாக வேண்டும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற தொடரில் இவை இருக்கின்றன. பெரும்பாலானவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஸ்குவாட்ரன் எண், மாதம், ஆண்டு போட்டுத் தேடலாம். காமன்வெல்த் நாடுகளின் ஸ்குவாட்ரன்கள் பிரிட்டிஷ் தலைமையின் கீழ் பறந்தபோது எழுதிய பதிவேடுகளும் இதே தொடரில் வரும். மகீயின் 412-ஆம் ஸ்குவாட்ரன் கனடாவினுடையது, 1941 ஜூன் 30 அன்று டிக்பி தளத்தில் உருவானது.

பதிவேட்டில் இரண்டு வகைத் தாள்கள் இருக்கும். ஃபார்ம் 540 என்பது நாட்குறிப்பு. வானிலை, யார் வந்தார், யார் போனார், என்ன நடந்தது என்று அலுவலக அதிகாரி எழுதியிருப்பார். ஃபார்ம் 541 என்பது ஒவ்வொரு பறப்பின் விவரம்: விமான எண், குழுவினர் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். திரும்பாத விமானத்துக்கு இறங்கிய நேரக் கட்டம் காலியாக இருக்கும். முதல் தடவை அதைப் பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

இறந்த நாளின் பக்கத்தை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னாலிருந்து படியுங்கள். மகீ விஷயத்தில் நவம்பர் 8-ஆம் தேதிப் பக்கம் முக்கியம். பிரான்ஸின் லீல் நகர ரயில்வே பணிமனைகளைத் தாக்கப் போன குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக அவர் பிரிவு போனது. அவரோடு பறந்த நால்வர் பிரிவில் மற்ற மூவரும் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள், மகீ மட்டும் திரும்பினார். ஒரு மாதம் கழித்து விபத்தில் போன பையன் அந்த ஒரு மாதத்தை என்ன மனநிலையில் கழித்திருப்பான் என்பதை டிசம்பர் பக்கத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது.

தளத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். 412 உருவானது டிக்பியில்தான். ஆனால் 1941 அக்டோபரில் பக்கத்திலுள்ள வெல்லிங்கோர் என்ற துணைத் தளத்துக்கு மாறிவிட்டது. இறந்த அன்று மகீ கிளம்பியதும் அங்கிருந்துதான். பெரிய தளத்தின் பெயரை ஒரு ஆவணமும் துணைத் தளத்தின் பெயரை இன்னொன்றும் சொன்னால் இரண்டுமே ஒரு விதத்தில் சரிதான்.

பயிற்சியில் இறந்தவர் என்றால் 'ஏர் 27' உதவாது. பயிற்சிப் பிரிவுகளின் பதிவேடுகள் 'ஏர் 29' தொடரில் இருக்கின்றன, விமானத் தளங்களின் பதிவேடுகள் 'ஏர் 28'-இல். மகீ ஸ்பிட்ஃபயர் ஓட்டப் பழகியது வேல்ஸில் லாண்டோவில் இருந்த 53-ஆம் பயிற்சிப் பிரிவில். அந்த வாரங்களைத் தேடுகிறவர்கள் 29-க்குத்தான் போக வேண்டும். பயிற்சிப் பிரிவுப் பதிவேடுகள் சுருக்கமாக இருக்கும், சில சமயம் இறந்தவரின் பெயரே இருக்காது, "ஒரு விபத்து" என்ற ஒற்றை வரிதான். மனம் தளர வேண்டாம், அடுத்த படி அதற்காகத்தான்.

படி 4: விமானத்தின் எண்ணைப் பிடியுங்கள்

ஆளைத் தேடிக் கிடைக்காதபோது விமானத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரு நிரந்தர எண் உண்டு, ஆயுள் முழுக்க மாறாது. மகீயின் ஸ்பிட்ஃபயர் 'ஏடி 291', கிரிஃபினின் ஆக்ஸ்ஃபோர்டு 'டி 1052'. உடம்பில் பெரிய எழுத்தில் தீட்டிய 'விஇசட் - ஹெச்' என்பது வேறு சங்கதி. முதல் இரண்டு எழுத்து ஸ்குவாட்ரனைக் காட்டும், மூன்றாவது அந்த விமானத்தை. ஒரு விமானம் விழுந்தால் அடுத்து வருகிற விமானத்துக்கு அதே எழுத்தைத் தீட்டிவிடுவார்கள். அதனால் புகைப்படத்தில் எழுத்து பொருந்துகிறது என்பதற்காக இதுதான் அவர் இறந்த விமானம் என்று எழுதிவிடாதீர்கள். நிரந்தர எண் தெரிந்தால்தான் உறுதி.

எண் கிடைத்துவிட்டால் ஃபார்ம் 1180 என்ற விபத்து அட்டையைக் கேட்கலாம். பிரிட்டிஷ் விமானப்படை ஒவ்வொரு விபத்துக்கும் இப்படி ஓர் அட்டை போட்டது. லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இவற்றின் நகல்களைப் பார்க்கலாம். விமான வகை, எண், தேதி, இடம், விமானி மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தவர், அந்த வகை விமானத்தில் எத்தனை மணி நேரம், விபத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதெல்லாம் ஒரு சின்ன அட்டைக்குள். சுருக்கெழுத்தாக எழுதியிருப்பார்கள், பழக நாளாகும். அந்த மணி நேரக் கணக்கை மட்டும் தவறவிடாதீர்கள். அனுபவம் இல்லாத பையனை எப்படிப்பட்ட வானிலையில் ஏற்றினார்கள் என்று அந்த ஒரு எண் சொல்லிவிடும்.

இதே கட்டத்தில் உங்கள் பார்வை விரிய வேண்டும். மோதல் என்றால் இரண்டு அட்டை இருக்கும். பெரிய விமானம் என்றால் ஏழெட்டுப் பெயர் இருக்கும். நீங்கள் தேடிவந்த ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டுப் போனால் கதை பாதிதான். கிரிஃபினின் பதவியைப் பாருங்கள்: லீடிங் ஏர்கிராஃப்ட்மேன். விமானத்தின் கட்டுப்பாட்டில் அந்தப் பதவியில் ஒருவர் இருக்கிறார் என்றால் இன்னும் சிறகுப் பட்டை வாங்காத பயிற்சி விமானி என்று பொருள். கிரான்வெல் தளத்திலிருந்து பயிற்சிக்காகப் பறந்தவர். அவருக்கும் லாக்புக் (விமானி தன் ஒவ்வொரு பறப்பையும் எழுதிவைக்கும் குறிப்பேடு) இருந்திருக்கும், வீட்டுக்குப் போன தந்தி இருந்திருக்கும்.

படி 5: ஆளின் சொந்தக் கோப்பு

இது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் எந்த நாட்டுப் படை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிறந்த நாட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. மகீ பிறந்தது 1922 ஜூன் 9 அன்று ஷாங்காயில், படித்தது இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில், வந்து சேர்ந்தது அமெரிக்காவில். யேல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் போகாமல், 1940 அக்டோபரில் எல்லை தாண்டிப் போய்க் கனடா விமானப்படையில் சேர்ந்தார். அமெரிக்கா அப்போது போரில் இல்லை. அவரைப் போல ஏறத்தாழ 9,000 அமெரிக்கர்கள் கனடா விமானப்படையில் சேர்ந்தார்கள். அவர்கள் கோப்பை அமெரிக்காவில் தேடினால் கிடைக்காது.

கனடா என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் சேவைக் கோப்புகளை கனடா நூலக ஆவணக் காப்பகம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது, ஸ்கேனும் இருக்கிறது. சேர்க்கைப் படிவம், மருத்துவப் பரிசோதனை, பயிற்சி மதிப்பெண், குடும்பத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து, இறந்தவரின் உடைமைகளின் பட்டியல் என்று ஒரு மனிதர் முழுசாக அதில் இருப்பார். உடைமைப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். எத்தனை சட்டை, எத்தனை புத்தகம், என்ன பேனா. வேறு எந்த ஆவணமும் அந்த ஆளை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தாது.

ஆஸ்திரேலியாவும் தாராளம்தான். அவர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏ 705' என்ற தொடரில் உயிரிழப்புக் கோப்புகள் இருக்கின்றன, ஏராளமானவை இலவசமாகவே திறக்கும்.

பிரிட்டனில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 'ஏர் 81' என்ற தொடரில் உயிரிழப்புக் கோப்புகளைத் தேதி வரிசையில் சிறிது சிறிதாக விடுவித்துவருகிறார்கள். விபத்து விசாரணைச் சுருக்கம், வீட்டாருக்குப் போன கடிதங்கள் அதில் இருக்கும். தனிநபர் சேவைக் கோப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்தன, 2022 முதல் அவற்றையும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிவருகிறார்கள். அதிகாரிகளின் நியமனமும் பதக்கமும் 'லண்டன் கெஜட்' என்ற பிரிட்டிஷ் அரசிதழில் வந்திருக்கும், அது இணையத்தில் இலவசம்.

அமெரிக்கா என்றால் முதலில் ஒரு கெட்ட செய்தி. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸில் படை ஆவணக் கட்டடத்தில் தீப்பிடித்தது. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின. போர்க்கால அமெரிக்க விமானப்படை அப்போது தரைப்படையின் ஒரு பகுதி என்பதால் விமான வீரர்களின் கோப்புகளும் அதில் போய்விட்டன. ஆனால் தேடலை அங்கே நிறுத்த வேண்டாம். இறந்த ஒவ்வொருவருக்கும் அடக்கம் தொடர்பான தனிக் கோப்பு ஒன்று இருந்தது, அது வேறு இடத்தில் இருந்ததால் தப்பியது. 1943 முதல், விமானம் காணாமல் போனால் 'காணாமல் போன விமானக்குழு அறிக்கை' ஒன்றைத் தயாரித்தார்கள். குழுவினர் எல்லாருடைய பெயரும், யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதும், கடைசியாகப் பார்த்தவர்களின் வாக்குமூலமும் அதில் இருக்கும். ஒரு விஷயம்: அது தரைப்படை விமானங்களுக்கு மட்டும். கடற்படை விமானி என்றால் அந்த ஸ்குவாட்ரனின் போர் நாட்குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியர் என்றால்? 1932-இல் உருவான இந்திய விமானப்படைக்கு 'ராயல்' என்ற அடைமொழி வந்தது 1945-இல். அதனால் இரண்டு பெயரிலும் தேடுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை நாலைந்து விதமாக மாற்றிப் போடுங்கள். நம் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், முன்னெழுத்தையே குடும்பப் பெயராக வைத்துவிட்டதும் உண்டு. தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது, டெல்லி – கராச்சி நினைவுச் சின்னங்களின் பதிவேடு, சிங்கப்பூர் நினைவுச் சின்னம் இரண்டிலும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தந்தி, பென்ஷன் காகிதம், லாக்புக், பின்பக்கம் தேதி எழுதிய ஒரு போட்டோ எதுவானாலும் சரி. பாட்டிகளிடம் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: கடிதங்கள், பள்ளிகள், பத்திரிகைகள்

படைக் காகிதம் சாவைச் சொல்லும். வாழ்க்கைக்கு வெளியே போக வேண்டும். பள்ளி இதழ்களும் உள்ளூர்ப் பத்திரிகைகளும் தேவாலயப் பதிவேடுகளும் உதவும். மகீ 1941 ஆகஸ்டில் ஒரு ஸ்பிட்ஃபயரில் 30,000 அடிக்கு மேலே ஏறினார். அந்த அனுபவத்தைக் கவிதையாக்கி, செப்டம்பர் 3 அன்று பெற்றோருக்கு எழுதிய கடிதத்தோடு அனுப்பினார். மூன்று மாதத்தில் அவர் இல்லை. அவருடைய அப்பா வாஷிங்டனில் பாதிரியார், 1937-38-இல் சீனாவில் ஜப்பானியப் படை நடத்திய நான்ஜிங் படுகொலையைத் தன் கேமராவில் படம் பிடித்து உலகுக்குச் சாட்சி வைத்த மனிதர் அவர்தான். மகனின் கவிதை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கண்காட்சிக்குப் போனது, அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த அன்று அதிபர் ரீகன் தன் உரையை அதன் வரிகளால் முடித்தார். ஒரு கடிதத்தைப் பெற்றோர் பத்திரமாக வைத்திருந்ததால் நடந்தது இவ்வளவும்.

படி 7: காரணத்தை எழுதும்போது கை நடுங்கட்டும்

இங்கேதான் கதைகள் புகுந்துகொள்ளும். ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து பிரிட்டன் வானில் நடந்த 'பிரிட்டன் வான்போரில்' மகீ பறந்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் போர் 1940 அக்டோபரோடு முடிந்ததாகக் கணக்கு. அந்த மாதம்தான் அவர் கனடாவில் பெயரே கொடுத்தார். எதிரி சுட்டு வீழ்த்தியதாகவும் சொல்வார்கள், அதுவும் இல்லை. படி 2-இல் தேதிகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தால் இப்படிப்பட்ட பாதிக் கதைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

நடந்தது இதுதான். மகீ வேறு மூன்று ஸ்பிட்ஃபயர்களோடு சேர்ந்து மேகத்தில் இருந்த ஒரு திறப்பின் வழியாக வேகமாகக் கீழே இறங்கினார். மேகத்தின் அடிப்பகுதி சுமார் 1,400 அடி உயரத்தில். அதற்குச் சற்றுக் கீழே ஆக்ஸ்ஃபோர்டு போய்க்கொண்டிருந்தது. டிக்பியும் கிரான்வெல்லும் அக்கம்பக்கத்துத் தளங்கள், ராக்ஸ்ஹோம் அவற்றுக்கு நடுவில். மேலிருந்து வருகிறவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மேகத்தைத் தாண்டும்வரை தெரியாது. மோதியதும் மகீ விமானி இருக்கைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் தள்ளித் திறக்கப் போராடியதைத் தரையிலிருந்து ஒரு விவசாயி பார்த்தார், விசாரணையில் அதைச் சொன்னார். எழுந்து நின்று குதித்தும் விட்டார் மகீ. ஆனால் பாராசூட் விரிய உயரம் போதவில்லை.

இதைச் சொல்லும்போது யார் மேல் தப்பு என்று நீதிபதி ஆகிவிடாதீர்கள். விசாரணைக் குழுவின் முடிவு அகப்பட்டால் அது அவர்கள் முடிவு என்று சொல்லி எழுதுங்கள். விபத்து அட்டைகளில் 'விமானியின் தவறு' என்ற சொல் சாதாரணமாக வரும். வானிலை, இயந்திரம், களைப்பு, நெரிசலான வானம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் போனவர்கள். எதிரியைப் பார்க்காமலே இறந்ததால் அவர்கள் சாவு குறைந்ததாகிவிடாது. 'வெறும் விபத்து' என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

படி 8: இடத்துக்குப் போவது

பழைய நில அளவை வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவணத்தில் வரும் பண்ணை, ஓடை, தேவாலயம் பெரும்பாலும் இன்றும் இருக்கும். நில உரிமையாளரிடம் கேட்காமல் வயலில் இறங்கக் கூடாது. பிரிட்டனில் 1986-இல் வந்த ஒரு சட்டப்படி, விழுந்த எந்த ராணுவ விமானத்தின் எச்சமும் பாதுகாக்கப்பட்டது. அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டுவதும் ஒரு துண்டை எடுத்துப்போவதும் குற்றம். சட்டம் இல்லாத நாட்டிலும் எடுக்காதீர்கள், அது ஒருவர் இறந்த இடம்.

மகீயின் கல்லறை லிங்கன்ஷைரில் ஸ்காப்விக் என்ற ஊரில். அவருடைய கவிதையின் முதல் வரியும் கடைசி வரியும் கல்லில் இருக்கின்றன. இன்றும் விமானிகள் வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள்.

படி 9: எழுதி வையுங்கள்

தேடியதை உங்கள் கணினிக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். நாலு பக்கமானாலும் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பு வையுங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும். கல்லறை ஆணையத்தின் பக்கத்தில் பெயரோ தேதியோ தப்பாக இருந்தால் ஆதாரத்தோடு எழுதினால் திருத்துவார்கள். உறவினர் உயிரோடு இருந்தால் வெளியிடும் முன் அவர்களுக்குக் காட்டுங்கள். உடல் எப்படிக் கிடைத்தது போன்ற விவரங்களில் எதை விடுவது என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விமானத்திலோ மோதிய இன்னொரு விமானத்திலோ இறந்த எல்லாருடைய பெயரையும் முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள், அடிக்குறிப்புக்குத் தள்ள வேண்டாம்.

பழகிப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமா? படி 1-க்குத் திரும்புங்கள். கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பெட்டியில் கிரிஃபின், முன்பெயர் எர்னஸ்ட் ஆப்ரி, தேதி 1941 டிசம்பர் 11 என்று கொடுத்துத் தொடங்குங்கள்.